நீரிழிவும் இரத்தத்தின் உறைவும்

(தர்மபுரியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



நம் சங்கத்தின் மாத வெளியீடு கைக்கு வந்து சேர்ந்ததும் நம்மிற் பெரும்பாலோர் முதலில் திருப்பிப் பார்ப்பது கடைசிப் பக்கத்தையே. அங்கேதான் விவாகச் செய்திகளும் மரணச் செய்திகளும் அடுத்தடுத்து வெளியாகின்றன. மரணச் செய்திகளில், 'மாரடைப்பினால் திடீரெனக் காலமானார்' என்றும், 'பக்கவாதத்தினால் சில மாதம் படுத்திருந்து மறைந்தார்' என்றும், 'காலில் புண் கண்டு, காலை எடுத்தும் பயனின்றி இறந்தார்' என்றும் எழுதியிருக்கக் காண்கிறோம். மூன்றும் வெவ்வேறு வியாதிகள்போலத் தோன்றும். ஆயினும் துக்கம் விசாரிக்கச் செல்லுங்கால், 'அவருக்குச் சர்க்கரை எத்தனை வருஷமாக இருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் விடை ஒன்றாகவே இருக்கும். இம்மூவகை மரணங்களையும் இணைத்துக் கட்டும் கயிறு யாது என்பதையே இன்று யாம் பேச எடுத்துக்கொண்டோம். நீரிழிவு உடையாரின் இரத்தம் உறையும் விதமே அக்கயிறு.

யாம் வைத்தியரல்லோம். வைத்தியர்கள் எழுதிய சீட்டைப் படித்து மருந்தெடுத்துக் கொடுக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தோம். அத்தொழிலில் யாம் செய்த பிழையொன்றும் உண்டு. அதனையும் இக்கூட்டத்தில் மறையாது சொல்லப் போகிறோம். கேட்டபின் எம்மைக் கடிந்துகொள்வீர்களாயினும், அப்பிழை இனி நம்மவர் எவர் வீட்டிலும் நேராதிருக்குமானால் அதுவே எமக்குப் போதும்.

நம்மிடையே வழங்கும் ஒரு தவறான எண்ணம்

'சர்க்கரை வந்தால் இரத்தம் தண்ணீராகப் போய்விடும், உறையாது, அதனால்தான் புண் ஆறுவதில்லை' என்று நம் பக்கத்தில் படித்தவரும் படியாதவரும் ஒருங்கே சொல்லி வருகின்றனர். பெரியதோர் தீமைக்கு வித்தாகும் சொல் இது. இரத்தம் உறையாது என்று நம்புகிறவன் இரத்தக் கட்டியினால் தனக்கு ஆபத்து நேரும் என்று எங்ஙனம் நினைப்பான்? நெஞ்சு கனத்தால் வாயு என்பான். ஒரு கை மரத்தால் படுத்த வாட்டம் என்பான்.

உண்மை இதற்கு நேர் எதிரானது. நீரிழிவுக்காரரின் இரத்தம் உறைவதற்கு அவசரப்படுகிறது; உறையவேண்டாத இடத்திலும் உறைகிறது; உறைந்த பின் கரைவதற்கும் தாமதிக்கிறது. புண் ஆறாமைக்குக் காரணம் வேறு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இரத்தம் உறைவது எவ்வாறு?

டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களில் 'பிளேட்லெட்' என்னும் சொல் நம் கிராமத்துத் திண்ணைகள் வரை வந்துவிட்டது. அதனைத் தமிழில் தட்டணு என்பர். எலும்பின் மச்சையிலுள்ள பெரிய உயிரணுக்களினின்றும் உதிர்ந்து வருகிற சிறு துணுக்குகளே தட்டணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இவை இருக்கும். இவற்றிற்கு உட்கரு இல்லை. ஆயுளோ ஏழு முதல் பத்து நாள். இரத்தம் உறைவதில் இவற்றிற்குள்ள பங்கை 1882-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து பிட்சோட்சேரோ என்னும் பண்டிதர் எடுத்துக் காட்டினார்.

இவற்றின் வேலையை நம் ஊர் வழக்கில் வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். மழைக்காலத்தில் ஏரிக்கரை ஓரிடத்தில் உடைகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அருகிலிருப்பவன் ஓடிச்சென்று உடைப்பிலே தன் உடம்பைக் கொடுத்து நிற்கிறான். நின்றுகொண்டே கூக்குரல் இடுகிறான். குரல் கேட்டவர்கள் ஓடிவந்து கைகோத்து நிற்கிறார்கள். அதன்பின் தழையும் மண்மூட்டையும் வைக்கோற் பிரியும் வந்து சேர்ந்து உடைப்பு அடைபடுகிறது. ஆபத்து நீங்கியபின், வேண்டாத மூட்டைகளை எடுத்தெறிந்து கரையை முன்போல் ஒழுங்கு செய்ய ஆட்கள் வருகிறார்கள்.

இரத்தக் குழாயிலும் நடப்பது இதுவே. குழாயின் உட்சுவர் கிழிந்தால் தட்டணுக்கள் அங்கே ஒட்டுகின்றன. ஒட்டியவை துராம்பாக்ஸேன் முதலான திரவியங்களை வெளியிட்டுப் பிற தட்டணுக்களைக் கூவி அழைக்கின்றன. வந்தவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பின்னர் இரத்தத்திற் கலந்துள்ள பைப்ரினோஜன் என்னும் புரதம் பைப்ரின் என்னும் நாராக மாறி, வலைபோற் பின்னி, அதனை இறுக்குகிறது. காயம் ஆறியபின் பிளாஸ்மின் என்னும் பொருள் அந்நாரை அறுத்துக் கட்டியைக் கரைக்கிறது.

உடைப்பில்லாத காலத்தில் காவலாளர் வீணே கூக்குரல் இடாதிருக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு. குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு, புரோஸ்டாசைக்ளின் என்னும் இரண்டு பொருள்களை ஓயாது சுரந்து, 'அமைதி, அமைதி' என்று தட்டணுக்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இன்சுலினும் தட்டணுக்களின்மீது நேரே செயல்பட்டு அவற்றைச் சாந்தப்படுத்துகிறது.

சர்க்கரை செய்யும் குழப்பம்

இனி, நீரிழிவு இவ்வேற்பாட்டை எவ்விதம் கலைக்கிறதென்று பார்ப்போம்.

முதலாவது, இரத்தத்தில் மிகுந்து நிற்கும் சர்க்கரை புரதங்களின்மேல் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. தட்டணுவின் மேற்றோலிலுள்ள புரதங்களிலும் அவ்வாறே ஒட்டுகிறது. அதனால் தோல் தன் நெகிழ்ச்சியை இழந்து விறைக்கிறது; பிற தட்டணுக்களைப் பற்றும் கொக்கிகளும் அதன்மேல் அதிகமாக வெளிப்படுகின்றன. சிறு தூண்டுதலே போதும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

இரண்டாவது, அமைதி கூறும் குரல் தாழ்கிறது. நீரிழிவினால் குழாயின் உட்சுவர் கெட்டு, நைட்ரிக் ஆக்ஸைடும் புரோஸ்டாசைக்ளினும் குறைவாகவே சுரக்கின்றன. நம்மிற் பெரும்பாலார்க்கு நடு வயதில் வருகிற நீரிழிவில், உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. தட்டணுவும் அவ்வாறே செவிடாகிறது. இன்சுலின் இரத்தத்தில் இருந்தும் அதன் சாந்தச் சொல் ஏறுவதில்லை.

மூன்றாவது, கூக்குரல் மிகுகிறது. துராம்பாக்ஸேன் அளவுக்கு மேல் உண்டாகிறது. உடைப்பில்லாத கரையிலும் 'உடைந்தது, உடைந்தது' என்று காவலாளர் கூவினால் ஊர் என்னாகும்?

நான்காவது, தட்டணுக்கள் விரைவிற் செலவழிவதால் எலும்பின் மச்சை புதியவற்றை விரைந்து அனுப்புகிறது. இவ்விளந் தட்டணுக்கள் அளவிற் பெரியவை; வேகத்திலும் மிஞ்சியவை.

ஐந்தாவது, நாரும் கெடுகிறது. நீரிழிவில் பைப்ரினோஜன் இரத்தத்தில் மிகுகிறது. உண்டாகும் வலையும் நெருக்கமாகவும் இறுக்கமாகவும் அமைகிறது. அஃதன்றியும், கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் உண்டாகாமல் தடுக்கும் ஒரு பொருள் இரத்தத்தில் அதிகரிக்கிறது. ஆகவே அடைத்த மூட்டையை எடுத்தெறிய ஆட்கள் வந்தும் அவர்கள் கைகள் கட்டுண்டு நிற்கின்றன.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். நீரிழிவுக்காரர் இரத்தத்தைச் சோதித்தால் தட்டணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். குறை எண்ணிக்கையில் இல்லை, நடத்தையிலேயே உள்ளது. 'பிளேட்லெட் இரண்டு லட்சம் இருக்கிறது, கவலையில்லை' என்று சீட்டைக் காட்டி மகிழ்வோர், அச்சீட்டு எண்ணிக்கையை மாத்திரமே சொல்லும், நடத்தையைச் சொல்லாது என்பதை அறியவேண்டும்.

இனிப் புண்ணின் விஷயம். நீரிழிவுக்காரர் காலில் முள் தைத்தால் இரத்தம் பிறருக்குப்போலவே உறைந்து நிற்கும். அதற்குப் பின்னரே தொல்லை. நெடுநாட் சர்க்கரையினால் நரம்பு மரத்துப்போவதால் முள் தைத்ததே தெரிவதில்லை. காலுக்கு இறங்கும் குழாய்கள் சுருங்கி அடைபடுவதால் போதிய இரத்தம் வருவதில்லை. கிருமிகளோடு போரிடும் வெள்ளணுக்களும் வலுக்குன்றி இருக்கின்றன. ஆகவே புண் ஆறுவதில்லை. குழாய் அடைபடுவதற்கு இரத்தத்தின் அவசர உறைவும் ஒரு துணைக்காரணம். உறையாமையினாற் புண் ஆறவில்லை என்று நாம் நினைத்திருக்க, உறைவின் மிகுதியே காலைப் பறிக்கத் துணைபோகிறது.

எம் உறவினர் ஒருவரின் முடிவு

சில ஆண்டுகளுக்கு முன், பென்னாகரம் பக்கத்தில் எம் உறவினர் ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்தெட்டு, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை ஒரு மாதம் சாப்பிடுவார், ஒரு மாதம் விடுவார். 'வேலை செய்கிற உடம்புக்கு மருந்து எதற்கு?' என்பது அவர் கட்சி. புளி உலுக்கும் பருவத்தில் ஒரு நாள் மாலை வீடு திரும்பியவருக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது, தாடை கனத்தது. நெஞ்சில் வலி இல்லை. வலியில்லாமையினால் அவருக்கும் வீட்டாருக்கும் தைரியம் வந்துவிட்டது. மோரிலே பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள். ஒரு சோடாவும் குடித்தார். 'பொழுது விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்தவர், விடியுமுன்னே போய்விட்டார். நான்கு மைலில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. வாசலில் மகனுடைய மோட்டார் சைக்கிள் நின்றது.

அவர்க்கு வலி ஏன் இல்லை? காலின் நரம்பை மரக்கச் செய்யும் சர்க்கரை இருதயத்தின் நரம்பையும் விடுவதில்லை. ஆகவே நீரிழிவுக்காரர்க்கு மாரடைப்பு சத்தமின்றி வரக்கூடும். வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், காரணமற்ற களைப்பு, தாடையிலோ இடத்தோளிலோ முதுகிலோ ஒரு கனம் - இவையே அவர்க்கு வலியின் ஸ்தானத்தில் நிற்பவை. தாய்மார்கள் இதனை நன்கு கவனிக்க வேண்டும். இருதய வியாதியினின்றும் பெண்களுக்கு இயற்கை அளித்துள்ள ஓரளவு பாதுகாப்பை நீரிழிவு குறைத்துவிடுகிறது.

அன்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. போகவில்லை என்பது மாத்திரம் நிச்சயம்.

ஒரு சிறு மாத்திரையின் வரலாறு

இனி ஆஸ்பிரின் என்னும் மாத்திரையைப் பற்றிச் சிறிது கூறுவோம். தலைவலிக்கும் காய்ச்சலுக்குமாக 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியிற் செய்யப்பட்ட மருந்து இது. அமெரிக்க தேசத்துக் கலிபோர்னியாவில் கிரேவன் என்றொரு டாக்டர் இருந்தார். தொண்டைச் சதையை அறுத்தெடுத்த நோயாளிகளில் ஆஸ்பிரின் சேர்ந்த பசையை வாயிலிட்டு மென்றவர்க்கு இரத்தம் அதிகமாய்க் கசிவதை அவர் கண்டார். கசியச் செய்யும் மருந்து கட்டியைத் தடுக்கவும் கூடுமன்றோ என்று எண்ணி, 1950-இல் அதனை எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் அவர் பேச்சைக் கேட்டவர் சிலரே. 1971-இல் இங்கிலாந்தில் ஜான் வேன் என்பவர் அம்மருந்து வேலை செய்யும் முறையை விளக்கினார். 1982-இல் அதற்காக நோபெல் பரிசில் பங்கும் பெற்றார்.

தட்டணுக்களின் கூக்குரலாகிய துராம்பாக்ஸேன் உண்டாகவொட்டாமல் ஆஸ்பிரின் தடுத்துவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாமையால், ஒருமுறை இழந்த அச்சக்தியை அது தன் ஆயுள் முழுதும் மீளப் பெறுவதில்லை. மாரடைப்பு என்று ஐயுற்ற 17,187 பேரை வைத்துப் பல தேசத்து ஆஸ்பத்திரிகளில் நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 1988-இல் வெளியாயிற்று. மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுத்து ஒரு மாதம் தொடர்ந்ததில், ஐந்து வாரத்திற்குள் இருதயத்தாலும் குழாயாலும் நேரும் மரணம் நூற்றுக்கு 23 பங்கு குறைந்தது.

நம் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2023-இல் 'இதயம் காப்போம்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். நெஞ்சு வலியென்று வருவோர்க்கு, மாரடைப்பாக இருக்கலாமென்று கண்டால், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலுமே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே அதன் நோக்கம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்னும் இரண்டும் தட்டணுக்களை அடக்குவன. மூன்றாவதாகிய அட்டர்வாஸ்டேட்டின் கொழுப்புக்கானது. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் உள்ளவர் தர்மபுரிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதை யாம் சொல்லவேண்டுவதில்லை. அவ்வழி நேரத்திற் கட்டி மேலும் வளராதிருக்க அம்மாத்திரைகள் உதவும். ஆகவே நெஞ்சில் கனமோ, மேற்சொன்ன குறிகளோ கண்டால் பொழுது விடியக் காத்திராதீர்கள். 108-ஐ அழையுங்கள்; அருகிலுள்ள நிலையத்திற்குச் செல்லுங்கள்.

யாம் செய்த பிழை

'இவ்வளவு நல்ல மருந்தாயின் நீரிழிவுள்ளோர் அனைவரும் தினம் ஒன்று விழுங்கிவிடலாமே?' என்று இப்பொழுது உங்கள் மனத்தில் எழும் கேள்வி, எம் மனத்திலும் ஒரு காலத்தில் எழுந்ததே. அதுவே எம்மைப் பிழையில் வீழ்த்தியது.

நம்மவர் ஒருவர், பத்து வருஷமாகச் சர்க்கரை உள்ளவர், இருதயத்தில் ஒரு குறையும் காணாதவர், எம் கடைக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்க்கு ஸ்டென்ட் வைத்து, 'இரத்தம் உறையாத மாத்திரை' கொடுத்திருக்கிறார்களாம். 'எனக்கும் சர்க்கரைதானே, வருமுன் காப்போம்' என்று அதனையே கேட்டார். யாமும் வைத்தியர் சீட்டின்றி எடுத்துக் கொடுத்தோம். மாதந்தோறும் வந்தார், மாதந்தோறும் கொடுத்தோம். உபகாரம் செய்வதாகவே நினைத்திருந்தோம். முழங்கால் வலிக்கு அவர் வேறோரிடத்தில் வலி மாத்திரையும் வாங்கி விழுங்கி வந்ததை யாம் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் மலம் தார்போலக் கறுத்துப் போயிற்று. எழுந்தவர் மயங்கி வீழ்ந்தார். இரைப்பையிற் புண் கண்டு உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பிறர் இரத்தம் ஏற்றி அவரைப் பிழைக்க வைத்தார்கள். 'இம்மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தது?' என்று டாக்டர் கேட்க, அவர் எம் பெயரைச் சொன்னார். அவர் இன்றும் எம்மோடு அன்பாகவே பேசுகிறார். அவ்வன்புதான் எம்மை அதிகமாகச் சுடுகிறது.

நீரிழிவு உண்டு, இருதய வியாதி இன்னும் வரவில்லை என்னும் நிலையிலிருந்த 15,480 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. பாதிப்பேர்க்கு ஆஸ்பிரின், பாதிப்பேர்க்கு வெறும் மாத்திரை. சராசரி ஏழரை ஆண்டு பார்த்தார்கள். வெறும் மாத்திரை உண்டவரில் ஆயிரத்துக்கு 96 பேர்க்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலான பெருந்தீங்கு வந்தது. ஆஸ்பிரின் உண்டவரில் 85 பேர்க்கு வந்தது. பதினொருவர் தப்பினர். ஆனால் பெரிய இரத்தக் கசிவு, முன்னவரில் ஆயிரத்துக்கு 32 பேர்க்கும், பின்னவரில் 41 பேர்க்கும் நேர்ந்தது. ஒன்பதின்மர் துன்புற்றனர். லாபமும் நஷ்டமும் ஏறக்குறைய சமமாகி நின்றன.

ஆகவே, மாரடைப்போ, இரத்தக் கட்டியினால் வந்த பக்கவாதமோ ஒருமுறை வந்து தப்பியவர்க்கும், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்க்கும் இம்மருந்து பெரும்பாலும் அவசியம். இதுவரை அவை வராதவர்க்கு வேண்டுமா, வேண்டாவா என்பதை, அவருடைய வயது, இரைப்பை, இரத்த அழுத்தம், உண்ணும் பிற மருந்துகள் ஆகிய எல்லாவற்றையும் பார்த்து வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மருந்துக் கடைக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் தீர்மானிக்கக் கூடாது.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவர், பல் பிடுங்க வேண்டுமென்றோ, 'உடம்பு சூடாகிறது' என்றோ, தாமே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நிறுத்தினால் தட்டணுக்கள் அந்த உலோக வலையின்மேல் திரண்டு குழாயைச் சட்டென்று அடைத்துவிடக்கூடும். பல் பிடுங்குமுன் பல் வைத்தியரிடமும் இருதய வைத்தியரிடமும் கேட்டே நடக்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைவதால், அக்காலத்தில் காய்ச்சலுக்கென்று ஆஸ்பிரின் உண்பது ஆபத்து. ஏற்கெனவே வழக்கமாக உண்பவர் காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியரிடம் அதனைச் சொல்ல வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

தட்டணுக்களின் கோபத்தைத் தணிக்கும் முதல் மருந்து சர்க்கரையை அடக்குவதே. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் அவற்றின் வீண் கூக்குரலும் குறைகிறது. ஆனால் அளவுக்கு மீறி மருந்துண்டும், மருந்துண்டபின் பட்டினி கிடந்தும் சர்க்கரையைத் தாழவிடுவதும் அவற்றைத் தூண்டும். ஆகையால் நிதானம் வேண்டும். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையைக் காலந்தவறாது செய்துகொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் உடன் கவனியுங்கள். பீடி, சிகரெட்டை அறவே விடுங்கள். அப்புகை தட்டணுக்களை இன்னும் ஒட்டச் செய்வது. நாள்தோறும் அரைமணி நேரமாவது நடந்து வாருங்கள். பாதங்களை இரவில் விளக்கொளியிற் பாருங்கள்.

உணவைப்பற்றி ஒரு வார்த்தை. நம் முன்னோர் களியும் சாமைச் சோறும் உண்டு திடமாக இருந்தனர் என்று மேடைதோறும் சொல்கிறோம். மெய்தான். ஆனால் அவர்கள் அதனை உண்டு ஏர் பிடித்தார்கள், கவலை இறைத்தார்கள். கேழ்வரகும் மாவுப்பண்டமே என்பதை மறந்து, 'சர்க்கரைக்கு நல்லது' என்று மூன்று உருண்டை களி உண்டு திண்ணையிற் சாய்ந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மாம்பழக் காலத்தில் நம் பக்கத்தார்க்குச் சொல்லவே வேண்டுவதில்லை. நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்த அதியமானின் தகடூர் இது. ஆதலின் நெல்லிச் சாற்றில் நமக்கு நம்பிக்கை அதிகம். குடிப்பவர் குடியுங்கள், மாத்திரைக்கு ஈடாக அதனை வைத்துவிடாதீர்கள்.

மருந்துக்குப் பணமில்லை என்று சொல்லவும் இப்பொழுது இடமில்லை. நம் மாவட்டத்தோடு 2004 வரை சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் அது. 1948-இல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனி வைத்தியப் பகுதியைத் தொடங்கியபோது, நம் பக்கத்தார் அவ்வைத்தியத்தைப் பெறச் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்தது. இன்று வாசலில் வந்து நிற்கும் பெண்மணியை, 'அப்புறம் வா அம்மா' என்று அனுப்புகிறவர் நம்மில் இல்லையா?

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்க்கு நீரிழிவு உண்டு. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேர்க்கு மேல் உள்ளது. அப்படியானால் இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம்மில், தாய்வழியும் தந்தைவழியும் இவ்வியாதி ஒரே குடும்பத்தில் வந்து கூடுகிறது. ஜாதகம் பார்க்கும் நாம், இரு வீட்டாரின் சர்க்கரை விவரத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நலம். விவாகத்தைத் தடுப்பதற்காக யாம் இதனைச் சொல்லவில்லை. முப்பது வயதிலேயே அவர்கள் சோதித்துக்கொள்ளவேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறோம். சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் விருந்துக்கு முன் ஒரு மணி நேரம் இரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்க வேண்டும். வரும் அயலாரையும் விலக்காமற் சோதிக்க வேண்டும். எம் கடைக்காரர் உயிர் பிழைத்தது பிறர் கொடுத்த இரத்தத்தினாலே என்று முன்னமே சொன்னோம். அது எந்தக் குலத்தாருடைய இரத்தம் என்று அவரும் கேட்கவில்லை, அவர் உடம்பும் கேட்கவில்லை.

பெரியோர்களே! எம் உறவினர் வீட்டுத் திண்ணையில் அன்றிரவு மோர் கலக்கிக் கொடுத்த அம்மையார் இன்னும் இருக்கிறார். 'எனக்குத் தெரியாமற் போயிற்றே' என்று ஒவ்வொரு திதியிலும் சொல்லி அழுகிறார். தெரியாமற் போனது அவர் குற்றமன்று. அவருக்குச் சொல்லாதிருந்தவர்களுள் யாமும் ஒருவர். இன்று சொல்லிவிட்டோம். கேட்டவர்கள் தத்தம் வீட்டிற் சென்று, இன்றிரவே, இன்னும் ஒருவர்க்காவது சொல்லும்படி வேண்டி, எம் சொற்களை முடித்துக்கொள்கிறோம்.